சேதிக்கு அளவெடுத்தவள்

அவளுடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது இதைப் படித்துவிட்டு, எங்கள் பழைய பள்ளிக்கூட அதிபருக்கு ஒரு மாதிரி, என் அக்காவுக்கு ஒரு மாதிரி, எனக்கு இன்னொரு மாதிரி என்று மூன்று மறுப்புகள் அனுப்புவாள். மூன்றும் உண்மையாகவே இருக்கும். அவளோடு பழகுவதில் இருந்த தொல்லையே அதுதான்.

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பாலாவிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நாங்கள் இருவரும் படிப்பித்தோம். நான் தமிழ், அவள் கணினி. என்னைவிட வயதில் இளையவள் என்பதால் என்னை அக்கா என்பாள். நான் அவளைப் 'புள்ள' என்பேன், கோபம் வந்தால் 'டீச்சர்' என்பேன். அவளை நான் டீச்சர் என்று கூப்பிட்ட நாட்கள்தான் அதிகம்.

ஒரு நாள் காலை பள்ளிக்கூட வாசலில் தன் ஸ்கூட்டியைப் பின்னுக்கு எடுத்தவள், அதிபரின் புத்தம்புது மோட்டார் சைக்கிளில் மோதி அதன் கண்ணாடியை உடைத்துவிட்டாள். அதிபரிடம் போய், "சேர், உங்கட பைக்குக்கு ஒண்டும் இல்ல. ஒரு கண்ணாடி மட்டும் மாத்தினாச் சரி" என்றாள். ஆசிரியர் அறையில் அதையே டமார் டுமீல் என்று சத்தத்தோடு நடித்துக் காட்டினாள். காவலாளிக்கு உதட்டில் விரலை வைத்ததோடு சரி. என்னிடம் வந்து ஒரு சொல்லும் பேசாமல் உள்ளங்கையை விரித்தாள். அதில் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது.

"இதென்ன, நாலு பேருக்கு நாலு கதை?" என்று கேட்டேன்.

"சேதி ஒண்டுதான் அக்கா. அளவுதான் வேற."

அவள் சொன்ன எதையும் பொய் என்று பிடிக்க முடியாது. அதிபர்கூட அவளுக்கு நன்றி சொல்லித்தான் அனுப்பினார். எனக்கு இந்த வேலை துளியும் பிடிக்காது. எழுவாயும் பயனிலையும் இல்லாத வசனத்தைக் கண்டால் சிவப்புப் பேனையைத் தேடுகிற ஆள் நான். ஒரு விசயத்தைச் சொன்னால் எல்லோருக்கும் ஒரே மாதிரி, முழுசாகச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. இத்தனைக்கும் என் மனசுக்குள் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. மற்றவர்களுக்குத்தான் அவள் வெட்டிக் கொத்திக் கொடுக்கிறாள், எனக்கு மட்டும் முழுசாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பழக்கம் அவளுக்கு வீட்டில் வந்தது. போரில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்ட குடும்பம். அப்போது அவள் கைக்குழந்தை. ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, பிறகுதான் பாலாவியில் கல்வீடு. வாப்பாவுக்கு நெஞ்சு வருத்தம், அதிரச் சொல்லக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். உம்மாவுக்கோ எதையும் மெல்லச் சொல்லவும் தெரியாது, குறைத்துக் கேட்கவும் தெரியாது. அதனால் வீட்டுக்கு வருகிற சேதியெல்லாம் இவள் கையால்தான் பரிமாறப்பட்டது.

அவர்களுடைய ஆடு ஒருநாள் பாலாவிச் சந்தியில் லொறியில் அடிபட்டுச் செத்தது. உம்மாவுக்கு லொறியின் நிறம், அதில் இருந்த சீமெந்து மூட்டைகள், டிரைவர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்ற நிலை எல்லாமே போய்ச் சேர்ந்தன. வாப்பாவிடம் மட்டும், "வாப்பா, ஆடு இண்டைக்கு வராது" என்றாள். "ம். சரி மகள்" என்று வாப்பா ரேடியோப் பக்கம் திரும்பினார். அடுத்த நாள், "நாளைக்கும் வராது போல இரிக்கு" என்றாள். அதற்கும் "ம். சரி மகள்" தான். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டைச் சாகடித்து முடித்தாள்.

"பாத்தீங்களா அக்கா, வாப்பாட நெஞ்சுக்கு ஏத்த அளவில குடுத்தா ஒரு பிரச்சினையும் இல்ல. என்ட முதல் ஆள் வாப்பாதான்" என்பாள்.

முதல் ஆள் என்று அவள் சொன்னது அவளுடைய ஆராய்ச்சிக்கு. மலைநாட்டுப் பக்கத்துப் பல்கலைக்கழகமொன்றில் பகுதிநேரமாக முதுகலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். படம், குரல், எழுத்து எல்லாம் கலந்த ஒரு சேதியை, அது போய்ச் சேருகிற கருவிக்கும் ஆளுக்கும் இடத்துக்கும் தக்கபடி கணினியே உருமாற்றி அனுப்ப வேண்டும். பெரிய போன் என்றால் படம். சார்ஜ் குறைந்திருந்தால் குரல் மட்டும். சிக்னல் மெலிந்தால் நாலு சொல். எஞ்சின் சத்தத்துக்குள் இருக்கிறார் என்று போன் கண்டுகொண்டால், சட்டைப் பைக்குள் ஒரு நடுக்கம் போதும். மனிதரைச் சுற்றி எல்லா இடத்திலும் கணினி இருந்து, அவர் கேளாமலே அவர் நிலைமையை அறிந்து நடந்துகொள்வதாம். அதற்கு நான் 'எங்கும் நிறைந்த கணிமை' என்று தமிழ் செய்து கொடுத்தேன். மறுநாள் வந்து, "வாப்பா தலைப்புக் கொஞ்சம் பெரிசு எண்டார் அக்கா" என்றாள். வாப்பா உண்மையில் சொன்னது, "எங்கும் நிறைஞ்சவன் ஒருத்தன்தான் மகள், உன்ட பெட்டிய அந்த இடத்தில கொண்டு போய் வைக்காத" என்பதை உம்மாதான் எனக்குப் பிறகு சொன்னா. உம்மாவிடம் போன சேதி ஒன்றும் குறையாமல் வெளியே வரும்.

அவர்கள் வீட்டு முன்சுவரில் இவள் முதல் பட்டம் வாங்கின படம் தொங்கியது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்திருந்தது. இரண்டாவது பட்டத்தின் படத்துக்காக, இவள் ஆராய்ச்சிக்குப் பதிந்த கிழமையே வாப்பா தன் கையால் அடித்தது. படம் வர வருடக் கணக்கில் பிந்தியதால் உம்மா அதில் கலண்டர் மாட்டத் தொடங்கினா. ஒவ்வொரு புதுக் கலண்டரும் ஏறும்போது இவள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பாள். பட்டம் கிடைக்காவிட்டால் அவளுக்கு வேலை போகாது, சோறு போகாது. அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு தினமும் சாப்பிட வேண்டிவரும், அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்த வீட்டில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

செய்துபார்க்கிற கட்டத்துக்கு அவள் தேர்ந்தெடுத்தது ஆலங்குடா. அது என் ஊர். என் அக்கா பிலோமினாவும், அத்தான் அந்தோனியும் அங்கேதான். அத்தான் ஃபைபர் போட்டில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். கடல் நிலவரத்தையே சேதியாக வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. தமிழ் வசனங்களை நான்தான் எழுதினேன். 'இன்று பிற்பகல் காற்றின் வேகம் அதிகரிக்கக்கூடும் என்பதால் கடலுக்குச் செல்வதைத் தவிர்த்துக்கொள்ளவும்' என்று எழுவாய் பயனிலையோடு அழகாக எழுதிக் கொடுத்தேன். அதை அவள் 'காத்து ஏறும், போகவேண்டாம்' ஆக்கினாள். பிறகு 'காத்து, வேண்டாம்' ஆக்கினாள். கடைசியில் என் வசனம் மூன்று நடுக்கமாகப் போய்ச் சேர்ந்தது.

"டீச்சர், அந்த மூண்டு நடுக்கத்தில எது பயனிலை?" என்று கேட்டேன்.

"கடைசி நடுக்கம் அக்கா. அதுதான் கொஞ்சம் நீளம்."

பல்கலைக்கழகம் ஒரு பெட்டி நிறையப் போன்கள் கொடுத்திருந்தது. வேண்டுமென்றே ஒன்றுக்கொன்று வேறானவை. பெரிய திரை, சின்னத் திரை, பட்டன் போன் என்று கலந்து கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் இலக்கம் ஒட்டி, யாரிடம் எந்தப் போன் என்று யோசித்து யோசித்துக் கொடுத்தாள். ஒன்பதாம் இலக்கம் தான் எல்லாவற்றிலும் பெரியது. அது அந்தோனி அத்தானுக்குப் போனது. அக்கா அதை சொப்பிங் பையில் சுற்றி, பையை ரப்பர் பட்டியால் கட்டி, போட்டுக்கு அனுப்பினா.

ஒரு கிழமைக்குள் ஊர் கொதித்தது. கோயிலடிக் கொட்டான் மரத்தின் கீழ் கூடி எங்களைக் கூப்பிட்டார்கள்.

"டீச்சர், அந்தோனிக்குப் படம் வருது. எனக்கு மூண்டு சொல்லுத்தான் வருது. நான் என்ன குறைஞ்ச ஆளா?" என்றார் சந்தியாப் பெரியவர். ஊரில் மூத்த தொழிலாளி அவர். வாயும் மூத்த வாய்.

"அப்பிடி இல்ல அப்பு. உங்கட போன் சின்னன். அதுக்கு ஏத்த மாதிரிச் சேதியும் சின்னன்."

"அப்ப எனக்குச் சின்னக் காத்தா அடிக்கும்?"

மரத்தடி முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அவளுக்காக அடக்கிக்கொண்டேன். அவள் விட்டுக்கொடுக்காமல் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில் விளக்கம் சொன்னாள். பெரியவருக்கு ஒரு உவமானம், பெண்களுக்குச் சமையல் கணக்கு, படித்த பொடியன்களுக்குப் படம் கீறி. அதற்குப் பிறகு முறைப்பாடே வரவில்லை. "எல்லாருக்கும் விளங்கிட்டு அக்கா" என்று என்னிடம் சந்தோசமாகச் சொன்னாள்.

மாதங்கள் போயின. போன்களிலிருந்து வந்த தரவைப் பேராசிரியருக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அவர் மெல்லப் பேசுகிற, எதையும் இலேசில் பாராட்டாத மனிதர். அவரே ஒருநாள் அவளைக் கூப்பிட்டுப் பேசினாராம். ஒன்பதாம் இலக்கப் பயனாளர் அபூர்வமானவராம். விடியற்காலையில் நடுக்கடலில் எஞ்சின் சத்தத்தில் இருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஓர் அடுப்படியில் தேங்காய் திருவுகிறார். பின்னேரம் வகுப்பறையில் இருக்கிறார். ஒரே மனிதரின் நிலைமை இவ்வளவு மாறுவதைத் தான் கண்டதில்லையாம். அவரை நேரில் பார்க்க வேண்டும், வருகிறேன் என்றாராம். அவர் வந்து பார்த்து ஓம் என்றால் ஆராய்ச்சி முடிந்தது, எழுதிக் கொடுக்கலாம்.

"இது சரிவராட்டி?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒரு தவணை இரிக்கு அக்கா" என்றாள்.

எனக்கு ஒரே யோசனை. என் அத்தான் தேங்காய் திருவுகிறாரா? கலியாணம் கட்டின நாளிலிருந்து சாப்பிட்ட கோப்பையைக்கூடத் தூக்கி வைக்காத மனிதர். அடுத்த சனிக்கிழமை விடியவே இருவரும் ஆலங்குடாவுக்குப் போனோம்.

சோளகக் காற்று தொடங்கிவிட்டிருந்தது. பட்டம் இழுக்கத் தண்ணீரில் சறுக்கி விளையாடுகிற வெள்ளைக்காரர்கள் பலகைகளைத் தூக்கிக்கொண்டு களப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். போட்டுகள் கரைக்கு வந்து, விற்கிற மீன் போய், கறிமீன் பங்கு நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்குக் கொண்டுபோகிற மீனை மணலில் குவியல் குவியலாக வைப்பார்கள். ஒருவர் குவியல்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு "இது ஆருக்கு?" என்பார். முதுகு காட்டி நிற்பவர் ஒரு பெயர் சொல்லுவார். யாருக்கு எது போகிறது என்று சொல்கிறவருக்கே தெரியாததால் சண்டை வராது.

அன்று ஒவ்வொரு குவியலின் மேலும், சொப்பிங் பையில் சுற்றி, ஒரு போன் இருந்தது.

நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். சந்தியாப் பெரியவர் கடலைப் பார்த்தபடி முதுகு காட்டி நின்றார். என் அத்தான் ஒரு குவியலைத் தொட்டு "இது ஆருக்கு?" என்றார். "செபஸ்தியான்ட மனிசிக்கு" என்று பெரியவர் கடலுக்குச் சொன்னார். செபஸ்தியானின் மனைவி வந்து மீனையும் போனையும் சுளகில் அள்ளிக்கொண்டு போனாள். கிட்டப் போய்ப் பார்த்தோம். ஒன்பதாம் இலக்கப் போன் இருந்த குவியலில் மீன் மெலிவு. பட்டன் போன் இருந்த குவியலில் இரண்டு பாரை கூடுதலாக இருந்தது.

என்னோடு வந்தவள் மணலில் அப்படியே குந்திவிட்டாள்.

"எப்ப இருந்து இப்பிடி?" என்று கேட்டாள்.

"அண்டைக்கு மரத்தடியில நீங்க விளங்கப்படுத்தினதில இருந்து டீச்சர்" என்றா என் அக்கா, முகம் முழுக்கச் சந்தோசத்தோடு. "இப்ப ஒருத்தருக்கும் ஒரு மனக்குறையும் இல்ல. நாளுக்கு நாள் போனும் பங்குதான். இண்டைக்குப் படம் வராட்டி மீன் வரும்."

ஒரு போன் ஒரு ஆள் என்பதுதான் அவள் ஆராய்ச்சியின் அத்திவாரம். அவளுடைய கணினி மாதக்கணக்காகப் பாடுபட்டு அறிந்துவைத்திருந்த அந்த ஒன்பதாம் ஆள், ஊர் முழுக்கச் சேர்ந்த ஒரு ஆள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதே நேரம் சிரிப்பையும் அடக்க முடியவில்லை, கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பேராசிரியர் வருவதற்குச் சில நாட்கள்தான் இருந்தன. அவரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் அக்காவிடம் மட்டும், "சேர் வந்தா, கேட்டதுக்கு மாத்திரம் பதில் சொல்லச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அக்கா அதை அத்தானிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அது இப்படி ஆகியிருந்தது: "ஒம்பது நீதான். என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லு." சேதியை உருமாற்ற எங்கள் ஊருக்குக் கணினி தேவைப்படவில்லை.

பேராசிரியர் வந்தார். அக்கா வீட்டு முற்றத்தில் நல்ல கதிரையாகப் பார்த்துப் போட்டு, பிளேன்டீ கொடுத்து இருத்தினோம். அத்தான் கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சேட்டுப் போட்டு, முடியை அழுத்தி வாரி, எதிரே கைகட்டி நின்றார். ஊர் வேலியோரம் நின்றது.

அவள் முதலிலேயே வாயைத் திறந்தாள். "சேர், தரவில கொஞ்சம் கலப்பு இருக்கலாம் எண்டு நினைக்கிறன்."

"அது எங்கேயும் இருக்கிறதுதான். வடிகட்டிக்கொள்ளலாம்" என்றார் அவர்.

அவ்வளவுதான். அந்தச் சின்ன அளவே போதுமானதாக இருந்தது. அதோடு அவள் பேசாமல் இருந்திருந்தால் ஆணியில் படம் ஏறியிருக்கும். பேராசிரியர் அத்தான் பக்கம் திரும்பினார்.

"விடிய நாலு மணிக்கெல்லாம் கடலில் நிற்பீர்களாமே?"

"ஓம் சேர்."

"வந்து தேங்காய் திருவுவீர்கள், இல்லையா?"

அத்தான் ஒரு கணம் அக்காவைப் பார்த்தார். "ஓம் சேர். மனிசிக்குக் கை ஏலாது."

வேலியோரத்தில் யாரோ இருமினார்கள். அக்கா கையைச் சேலைக்குள் ஒளித்தா.

"பின்னேரம் ஒரு வகுப்புக்கும் போகிறீர்கள் போல?"

"ஓம் சேர். ஓ.எல். சோதினை எழுதப் போறன்."

பேராசிரியர் கோப்பையைக் கீழே வைத்தார். "இந்த வயதிலா?"

"ஓம் சேர். கணக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்."

நாங்கள் எல்லோரும் அவர் சந்தேகப்படப் போகிறார் என்று நினைத்தோம். அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் தகப்பனும் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே பெரிய வயதில் படித்தவர் என்றார். அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார். கணக்குப் பாடத்துக்குத் தானே புத்தகங்கள் அனுப்பிவைப்பதாகவும், விளங்காததைத் தொலைபேசியில் கேட்கலாம் என்றும் சொன்னார்.  அத்தான் நெளிந்துகொண்டு நின்றார்.

அதை அவளால் தாங்க முடியவில்லை.

"சேர், இது பொய்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசியதைப் போல ஒருநாளும் பேசி நான் கேட்டதில்லை. ஒரு சொல் குறைக்கவில்லை, ஒரு இடம் மெழுகவில்லை. மரத்தடிக் கோபம், குவியல், பாரை மீன், முதுகு காட்டி நிற்கிற பெரியவர், தான் எல்லாம் தெரிந்துகொண்டு இத்தனை நாளும் வாயை மூடியிருந்தது, எல்லாவற்றையும் ஒரே அளவில் ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னாள். கடைசியில், "இதுதான் உனக்குக் கடைசித் தவணை எண்டு நீங்க சொன்னீங்க சேர். அதை நான் வீட்டிலயும் சொல்லல்ல, இந்த அக்காட்டயும் சொல்லல்ல" என்று என்னைக் காட்டினாள்.

எனக்குச் சுருக்கென்றது. இன்னும் ஒரு தவணை இருக்கிறது என்று சொன்னாளே. அப்படியானால் நானும் மற்றவர்களைப் போலத்தான்.

பேராசிரியர் ஆறிப்போன பிளேன்டீயை எடுத்து முழுவதும் குடித்தார். பிறகு அத்தானைப் பார்த்து, "அப்போ ஓ.எல்.?" என்றார்.

"அது எங்கட மகன் சேர்."

"தேங்காய்?"

"நான்தான் சேர்" என்றா அக்கா, கையை வெளியே எடுத்து. "இந்த மனிசன் சிரட்டையைக்கூடத் தொடாது."

அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. "நான் யோசிக்க வேண்டும்" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு எழுந்தார். அக்கா கட்டிக் கொடுத்த கருவாட்டுப் பார்சலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வாகனத்தில் ஏறினார்.

கடைசியில் பட்டம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. அவர் யார் யாரிடமோ வாதாடி ஒரு தவணை வாங்கிக் கொடுத்தார். ஒரு போன் ஒரு ஆள் என்று எழுதியிருந்த அத்தியாயம் முழுவதையும் அவள் வெட்டி எறிந்துவிட்டு, கைமாறிக்கொண்டே இருக்கிற போனுக்குச் சேதி அனுப்புவது எப்படி என்று முதலிலிருந்து தொடங்கினாள். அத்தானின் மகன் அந்தப் புத்தகங்களில் படித்துக் கணக்கில் சித்தியும் எய்தினான். ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று பின்னேரம் கற்பிட்டி ரோட்டு பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த எங்களுக்கு, எல்லாம் முடிந்துவிட்டது என்று மட்டும்தான் தெரியும்.

எத்தாளை தாண்டும் வரை நான் அவளோடு கதைக்கவில்லை. பிறகு பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"டீச்சர், எனக்கும் வெட்டித்தான் தந்தீரோ?"

"உங்களுக்கு முழுசாச் சொல்லியிருந்தா நீங்க இரக்கப்பட்டிருப்பீங்க அக்கா. இரக்கப்பட்டா என்ட எழுத்தில பிழை பிடிக்க மாட்டீங்க. எனக்கு நீங்க பிழை பிடிக்கிறதுதான் வேணும்."

 கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. வாப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்து, சொல்லிப் பார்த்துக் குறைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு விளங்கியது. அந்த நேரம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பஸ்ஸில் சனம் கூட என்பதால் விட்டுவிட்டேன்.

வீட்டில் வாப்பா அஸர் தொழுதுவிட்டு, ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருந்தார். நேர் எதிரே ஆணியில் கலண்டர் ஆடிக்கொண்டிருந்தது. அவள் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"வாப்பா, புரொபெசர் வந்திட்டுப் போயிட்டார். கொஞ்சம் பிந்தும் போல இரிக்கு."

"ம். சரி மகள்" என்றார் வாப்பா, ரேடியோப் பக்கம் திரும்பி.

அவள் எழுந்து முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். உம்மா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. வாப்பா எட்டி ரேடியோச் சத்தத்தைக் குறைத்தார். கிணற்றடிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இஞ்ச பாரு புள்ள," என்று உம்மாவிடம் மெல்லிய குரலில் கேட்டார், "அந்த அந்தோனி மெய்யாவே ஓ.எல். எழுதப் போறன் எண்டானாமா?"

"ஓமாம். பிலோமினா போன் எடுத்துச் சொல்ற நேரம் அவக்கே சிரிப்பு அடங்கல்ல."

எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. திரும்பிப் பார்த்தேன். அவள் வாசலில் நின்றாள். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வாப்பா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா சுவரைப் பார்த்தா.

"கடைசித் தவணை?"

"அதுவும் தெரியும் மகள். உன்னோட யுனிவர்சிட்டியில படிக்கிற கூட்டாளி உம்மாக்குச் சொல்லியிருக்கு."

அவள் ஒரு அடி உள்ளே வந்தாள். பிறகு, கேட்கவே பயந்தவள் போல, "அந்த ஆடு?" என்றாள்.

"சீமெந்து லொறி. டிரைவர் பொடியன் தலையில கைவெச்சிட்டு நிண்டானாம்."

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் வாப்பா சரி மகள், சரி மகள் எண்டீங்க?"

"நீ எவ்வளவு கஷ்டப்பட்டுக் குறைச்சுக் கொண்டு வாறாய்" என்றார் வாப்பா. "அதைக் கேட்டு நான் பயந்தா உன்ட மனம் உடைஞ்சிருமே."

அவள் தரையில் இருந்துவிட்டாள். "என்ட முதல் ஆளும் பிழை" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு எது என்று தெரியாதபடி இரண்டையும் செய்தாள். உம்மா சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டா. எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

வாப்பா ரேடியோவை நிற்பாட்டினார். "அந்த ஆணி எங்கயும் ஓடாது. அது சுவர்லதான் இரிக்கும்" என்றார். "இண்டைக்கு முழுசாச் சொல்லு மகள். ஒண்டும் குறைக்காத."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடங்கினாள். போன் பெட்டி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நாளிலிருந்து தொடங்கினாள். பெட்டி கட்டியிருந்த கயிற்றின் நிறம், எந்தப் போனுக்கு என்ன திரை, எந்த இலக்கம் ஏன் யாருக்கு, நான் எழுதின வசனம், அதை வெட்டின விதம், நான் முறைத்த முறைப்பு என்று ஒன்றையும் விடவில்லை. விட்ட இடத்தில் உம்மா எடுத்துக் கொடுத்தா. தேத்தண்ணி ஆறியது. கொட்டான் மரத்தடிக்கே இன்னும் வந்து சேரவில்லை, பேராசிரியர் மலைநாட்டிலிருந்து வெளிக்கிடவே இல்லை. வாப்பா கதிரையில் ஒருமுறை புரண்டார், இன்னொருமுறை புரண்டார், பிடரியைச் சொறிந்தார். பிறகு, மிகவும் தயங்கி, "மகள்," என்றார், "வாப்பாக்கு இதைக் கொஞ்சம் சுருக்கேலாதா?"